மேலே நின்றவனுக்கு

செவிலிமேடு, காஞ்சிபுரம்
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து

அன்புள்ள தம்பி கிறிஸ்டோபருக்கு,

உன் அண்ணி லில்லி எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் ஏஞ்சலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அம்மாவைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். நீ எடுக்காத போனுக்கு அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். வாட்ஸப்பில் பேசி அனுப்பியதையும் நீ கேட்டதாகத் தெரியவில்லை. ராமராஜன் தன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தபோதுதான், நீ மங்களூரில் அவனோடு கட்டட வேலை செய்கிறாய் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

ஏஞ்சல் பதினொன்றாம் வகுப்பு போகிறாள். பேச்சு குறைந்துவிட்டது. அப்பா படத்தை அவள் படிக்கிற இடத்தில் மாட்டியிருந்தேன், கழற்றி உள்ளே வைத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் காந்தி ரோட்டில் அதே பட்டுக் கடையில்தான் இருக்கிறேன். கல்யாணப் பெண்கள் பிரித்துப் பார்த்துவிட்டுப் போகிற புடவைகளை மடித்து மடித்து அடுக்குகிற வேலை. முகூர்த்த நாள் நெருங்கினால் நிமிர நேரமில்லை. அப்படி இருப்பதே எனக்கு நல்லதாக இருக்கிறது.

இப்போது நம் நிலத்தைப் பற்றி எழுத வேண்டும். நீ அந்தப் பக்கத்தையே நினைக்க விரும்பமாட்டாய், தெரியும். ஆனால் அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அண்ணன் போனதிலிருந்து, கிணற்றுக்கென்று தோண்டிய அந்தப் பள்ளம் அப்படியே கிடந்தது. ஒரு பக்கம் சரிந்து, வாய் அகன்று, உள்ளே பாதிக்கு மணல். மழை பெய்தால் இன்னும் கொஞ்சம் கரை உள்ளே விழும். மூட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. வேலிக்காத்தான் முள்ளை வெட்டிச் சுற்றிப் போட்டிருந்தோம், அவ்வளவுதான்.

போன மாசம் பாலாற்றங்கரை நிலங்களில் மண் பார்க்க ஒரு குழு வந்தது. கூட வந்த அதிகாரி அகிலா என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். எந்த நிலத்தில் எந்த மண் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்று வரைபடம் போடுகிறார்களாம். அதற்கு அங்கங்கே குழி வெட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து நிலத்து அர்ஜுனன் அண்ணன், இங்கே ஏற்கெனவே ஒரு பள்ளம் இருக்குது என்று நம் இடத்தைக் காட்டிவிட்டிருக்கிறார். என்ன பள்ளம் என்று அவர் சொல்லவில்லை.

அகிலா வீட்டுக்கு வந்து அனுமதி கேட்டார். முடியாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டபோது, உன் அண்ணன் அதற்குள்தான் புதைந்து போனார் என்று சொன்னேன்.  அகிலா உடனே, "வேணாம்மா, நாங்க வேற இடம் பாத்துக்கறோம்" என்று எழுந்துவிட்டார். அவர் செருப்பைப் போடும்போது எனக்கு என்ன தோன்றியதோ, "அது ஏன் விழுந்துச்சுன்னு உங்களால பாத்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, பார்த்தால் ஓரளவு தெரியலாம் என்றார். அப்படியானால் வெட்டுங்கள் என்றேன்.

ஜேசிபி வைத்து, சரிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அகலமாக வெட்டினார்கள். நேராக வெட்டவில்லை, படி படியாக இறக்கினார்கள். இந்த மண்ணில் யாரும் செங்குத்தான சுவருக்குக் கீழே நிற்கக் கூடாது என்று அகிலா தன் ஆட்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவை அவர் அதைச் சொல்லும்போதும் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அம்மாவும் வந்து உட்கார்ந்தார், தம்பி. வரவேண்டாம் என்று சொன்னதைக் கேட்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அர்ஜுனன் அண்ணனும் அவர் சம்சாரம் ரேவதியும் வரப்பில் நின்றார்கள்.

வெட்டின முகத்தைக் கரண்டியால் சீவிச் சுத்தம் செய்ததும், மண் அடுக்கடுக்காகத் தெரிந்தது. நாம் இத்தனை வருஷம் மிதித்த நிலம், அதன் உள்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். மேலே முழங்கை ஆழத்துக்குப் பழுப்பு மண், வேர்க்கடலை வேரெல்லாம் அதில்தான். அகிலா ஒரு பிடி எடுத்து நனைத்து உருட்டினார். உருண்டை நின்றது, நீளமாகத் திரித்ததும் உடைந்துவிட்டது. களிமண் ரொம்பக் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் மணல் என்றார். அதற்குக் கீழே வெளுத்த நைசு மணல், ஆள் உயரத்துக்கும் மேல். அதில் சாய்வு சாய்வாக மெல்லிய கோடுகள், ஒவ்வொன்றும் ஆற்று நீர் இழுத்து வந்து போட்டதாம். பாலாறு ஒரு காலத்தில் இந்த உயரத்தில் ஓடியிருக்கிறது. பிறகு தன் தரையைத் தானே அறுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. நம் நிலம் ஆறு விட்டுவிட்டுப் போன படி என்று சொன்னார்.

அந்த நைசு மணலுக்கு அடியில் விரல் அகலத்தில் கறுப்பாக ஒரு களிப் பட்டை. வெள்ளம் ஓடாமல் தேங்கி நின்ற ஏதோ ஒரு வருஷத்தில் படிந்த வண்டல். அதற்கும் கீழே பருமணலும் கூழாங்கல்லும், துருப்பிடித்த மாதிரி சிவப்புத் திட்டுத் திட்டாக. நிலத்தடி நீர் ஏறி இறங்கிய அடையாளமாம் அது.

அந்தக் களிப் பட்டையைத்தான் அகிலா நிறைய நேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மணலுக்குத் தானாக ஒட்டுகிற குணம் கிடையாது. லேசான ஈரம் இருந்தால் அந்த ஈரம் மணலைப் பிடித்துக்கொள்ளும், சுவர் மாதிரி நிற்கும், பார்க்கிறவர்களுக்கு உறுதியாகத் தெரியும். ஈரம் காய்ந்தாலும் விட்டுவிடும், தண்ணீர் அதிகமானாலும் விட்டுவிடும். மேலே ஊற்றுகிற தண்ணீர் மணலில் சீக்கிரம் இறங்கிவிடும். ஆனால் களிப் பட்டை வந்ததும் இறங்க முடியாமல் அதன் மேலேயே பக்கவாட்டில் நகரும். அப்படி நகர்ந்து வந்து பள்ளத்துச் சுவருக்குப் பின்னால் சேர்ந்தால், உள்ளேயிருந்து அடிமணல் கரைந்து, மேலே உள்ளது மொத்தமாக உட்காரும். "முன்னாடி விரிசல் கூட விடாதும்மா" என்றார்.

பள்ளம் சரிந்ததற்கு முந்தின சாயங்காலம் பக்கத்தில் யாராவது தண்ணீர் பாய்ச்சினார்களா என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.  அர்ஜுனன் அண்ணன் வரப்பிலிருந்து இறங்கி வந்தார். முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. "நான்தாம்மா கடலைக்குத் தண்ணி கட்டினேன். மோட்டார் ஓடிக்கினே இருந்துச்சு" என்றார். அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, அதற்கு முன் பெய்த மழையும் சேர்ந்திருக்கலாம் என்று அகிலா உடனே சொன்னார். அர்ஜுனன் அண்ணன் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

அம்மா அவரையே பார்த்தார்.  உன்னைச் சொன்னது போல இவரையும் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், அத்தனை பேர் நடுவில், "பொண்டாட்டி புள்ள இருக்கறவன உள்ள எறக்கிட்டு நீ மேல நின்னுக்கினு இருந்தியேடா" என்று உன் சட்டையைப் பிடித்து உலுக்கினாரே, அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நீ விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

ஆனால் அம்மா அர்ஜுனன் அண்ணனை ஒன்றும் சொல்லவில்லை. அகிலா பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேல நின்னவனுக்கு அது தெரிஞ்சிருக்குமா?"

அகிலாவுக்கு அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உன்னைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "தெரியாதும்மா. மேல நின்னாலும் தெரியாது, உள்ள நின்னாலும் தெரியாது. நானே நின்னிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

அம்மா எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வீட்டுக்கு நடந்துவிட்டார்.

தம்பி, பள்ளம் சரிந்த அன்று நான் பார்த்ததை உனக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தபோது நீ அந்தப் பள்ளத்துக்குள் குதித்திருந்தாய். கையால் மணலை வாரிக்கொண்டிருந்தாய். நீ வார வார மேலேயிருந்து மணல் இறங்கிக்கொண்டே இருந்தது. அர்ஜுனன் அண்ணனும் இன்னும் நாலைந்து பேரும் உன் இடுப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள், நீ அவர்களைக் கடித்தாய். தீயணைப்பு வண்டி வந்த பிறகுதான் உன்னை மேலே கொண்டுவர முடிந்தது. உன் விரல் நகமெல்லாம் பிய்ந்திருந்தது. அம்மா வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு. அவர் பார்த்தது மேலே உட்கார்ந்திருந்த உன்னைத்தான்.

உன் அண்ணன் ஒருநாளும் உன்னை உள்ளே இறக்கியதில்லை என்று நான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஊரெல்லாம் கிணறு தோண்டி சிமெண்டு உறை இறக்கினீர்களே, எந்தக் கிணற்றிலாவது உன்னை முதலில் இறங்க விட்டிருக்கிறாரா? "அவன் கை கயித்துக்குப் பழகின கை, என் கை மண்ணுக்கு" என்பார். ஊராருக்கு உறையை முதலில் இறக்கிவிட்டு அதற்குள் நின்று தோண்டுகிற மனுஷன், சொந்த நிலத்தில் உறை வண்டி வருவதற்கு முன்னால், சுவர் நன்றாக நிற்கிறது, கொஞ்சம் தோண்டி வைப்போம் என்று இறங்கினார். இறங்கியது அவர் முடிவு. அதையும் சொன்னேன். அம்மா அப்போது காதில் வாங்கவில்லை.

வேலை முடிந்ததும் பள்ளத்தை மூடிவிட்டார்கள். நான்தான் மூடச் சொன்னேன். ஜேசிபி தள்ளிய மண் எல்லாம் ஒன்றாகக் கலந்து உள்ளே போனது. வெளுத்த மணல், களி, கூழாங்கல் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. இப்போது அந்த இடம் மட்டும் சுற்றிலும் உள்ளதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து கிடக்கிறது. அர்ஜுனன் அண்ணன் அந்தப் பக்கம் வருவதில்லை. அவர் நிலத்தில் இந்தப் போகம் ஒன்றும் வைக்கவில்லை. ஒருநாள் வாசல் வரைக்கும் வந்து நின்றார், உள்ளே வரமாட்டேன் என்றார். "நிலம் வச்சிருக்கறவங்க தண்ணி கட்டத்தானேண்ணா செய்வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. யார் மேல் வைப்பது என்று தெரியாத கோபம் ஒன்று இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வருகிறேன்.

இனி அம்மாவைப் பற்றி. கால் இரண்டும் வீங்கிவிட்டது. வாய்க்குக் கொண்டுபோன சோற்றைக் கீழே வைத்துவிடுகிறார். பெரியாஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தோம். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, "வீட்டுக்கே கூட்டிக்கினு போங்கம்மா, அவங்க என்னா கேக்கறாங்களோ அதக் குடுங்க" என்றார் டாக்டர். அம்மா எதையும் கேட்பதில்லை.

அம்மா உன்னை மன்னித்துவிட்டார், உன் பேரைச் சொல்லி அழுகிறார் என்றெல்லாம் எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் நீ அடுத்த ரயிலிலேயே ஏறிவிடுவாய். ஆனால் பொய் சொல்லி உன்னை வரவழைத்து, இங்கே வந்து நீ அவர் முகத்தைப் பார்த்து ஏமாந்து நிற்பதை என்னால் தாங்க முடியாது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். முன்னெல்லாம் யார் துக்கம் கேட்க வந்தாலும் "மேல நின்னுக்கினு இருந்தான்" என்று அந்தப் பேச்சைத்தான் ஆரம்பிப்பார். மண்ணைப் பார்த்த அந்த நாளுக்குப் பிறகு ஒருதரம்கூட அதைச் சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ.

அவரைத் தூக்கி உட்கார வைக்கவும், திருப்பிப் படுக்க வைக்கவும் என் ஒருத்தி பலம் போதவில்லை, தம்பி. ஏஞ்சல் ஒரு பக்கம் பிடிக்கிறாள், ஆனால் பாதியிலேயே பிடி விட்டுப்போகிறது. அம்மா உடம்பு இளைத்தும் கனமாகத்தான் இருக்கிறது. நேற்று நாங்கள் இருவரும் சேர்ந்து தூக்கும்போது நழுவிவிட்டார். அடி ஒன்றும் படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, எங்கள் இருவரையும் தாண்டி வாசற்படியைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

பதில் எழுத வேண்டாம். என்ன பேசுவது என்று யோசித்து யோசித்து நாளைக் கடத்தவும் வேண்டாம். அவர் பேசினால் கேட்டுக்கொள், பேசாவிட்டால் பக்கத்தில் உட்கார். லீவு கிடைக்காது என்று மேஸ்திரி சொன்னால், சொல்லாமல் வந்துவிடு. சீக்கிரம் வா.

கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பாராக. வருகிற வழியெல்லாம் உன் கூடவே நடப்பாராக.

உன் வரவுக்காகக் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும்,
அண்ணி
லில்லி தனசேகரன்