நீ போட மறந்த முடிச்சு

என் அருமை அம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, அம்மா. உனக்குப் படிக்கத் தெரியாது. அங்கே யாரையாவது படித்துச் சொல்லச் சொல்வாய். அது வேண்டாம். ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன், நீயே கேட்டுக்கொள். புழுக்கம் என்று மாமா வெளியே கட்டிலில் தூங்குகிறார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது பெண்களுக்குத் தலைவியாக இருந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் ஆட்டுத்தோலை என்றைக்கு எடுத்து மயிர் பறிப்பது என்பது உன் கயிற்றில் இருந்தது. காலைக்கு ஒரு முடிச்சு. ஆறு முடிச்சானால் தோல் வெளியே. எனக்குக் காய்ச்சல் கண்ட அன்று ஒரு முடிச்சை மறந்துவிட்டாய். ஒரு நாள் கூடுதலாக ஊறித் தோல் நைந்துபோனது. தொட்டியோரம் இருந்த பச்சையம்மா அக்கா கவனிக்கவில்லை என்று முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தப் போனார். நான் உனக்குக் கூழ் கொண்டுவந்து நின்றிருந்தேன்.

"அவ மேல இன்னா தப்பு, முதலாளி? முடிச்சு போட மறந்தது நான்" என்றாய்.

"உன்னைக் கேக்கல."

"கேக்காட்டியும் நான்தான்."

கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாய்.  

அவர் கயிற்றைப் பிடுங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார். மறுநாள் நீயும் வரிசையில் உட்கார்ந்து மயிர் பறித்தாய். கயிறு வைத்திருந்தவளோ உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, "அக்கா, எடுக்கலாமா?" என்று கேட்டாளாம். "கயிறு உன் கையில, கேள்வி என்கிட்டயா?" என்றாயாம். பத்தாம் நாள் முதலாளியே, "பேஜார் புடிச்ச கயிறு. நீயே வெச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்தார். பச்சையம்மா அக்கா இன்னும் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரித்து முடித்ததும் அழுகிறாள்.

இப்போது என் சேதி. நான் வகுப்புத் தலைவி. சாயங்காலம் வகுப்பறைக் கதவைச் சாத்துவது என் வேலை. நேற்று மறந்துவிட்டேன். இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் காட்ட நாங்கள் தைத்து வைத்திருந்த மேசை விரிப்பை, ஆடு புகுந்து தின்றுவிட்டது. கடைசியாக வெளியே போனவள் கதீஜா. பழி அவள்மேல் விழுந்தது. நாளைக்குப் பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிடுவார்களாம். அவள் அப்பா அவளைப் படிக்க அனுப்புவதே அரை மனதாகத்தான்.

கதீஜா என்னைப் பார்த்தாள். கதவைச் சாத்துவது யார் வேலை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. தலைவி என்பதால்தான் நான் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. அது போனால் மறுநாளே தொட்டியோரம்தான் என்று மாமா சொல்லியிருக்கிறார்.

அன்று உனக்கு என் நினைவு வரவில்லையா, அம்மா? வந்திருக்கும். வந்தும் எப்படிச் சொன்னாய்?

நீ கண்ணை மூடிய நாளிலிருந்து உன் கயிறு என்னிடம்தான் இருக்கிறது. காலையில் ஜெபம் முடிந்ததும், எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று—

கதவைத் தட்டுகிறார்கள். மாமா. "யார்கிட்ட பேசிட்டிருக்க? கதவத் தொற." நான் முணுமுணுத்தது கேட்டுவிட்டது.

காலைவரை வேண்டாம், அம்மா. கதவைச் சாத்த மறந்தது நான்தான் என்று முதலில் இவரிடமே சொல்லிவிடுகிறேன். கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டேன்.

உன் மகள்,
வள்ளி