ஐந்து பத்துக்கு வந்த நீலம்

என் அவசரத்தைச் சகித்துக்கொண்ட ஜெரோமுக்கு,

நேற்று முன்தினம் உன்னை நெவார்க்கில் விமானம் ஏற்றினேன். ஏற்றினேன் என்றா சொல்வது? நான்கு படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை ஆபீசில் மயங்கி விழுந்தவனை வெள்ளிக்கிழமை சரக்குப் பிரிவில் பெட்டியாக விட்டுவிட்டு, பிளெய்ன்ஸ்பரோவில் நம் வீட்டுக்குத் தனியாகக் காரோட்டி வந்தேன். குக்கரில் நீ வைத்த சோறு அப்படியே இருந்தது.

நேற்று தூத்துக்குடியிலிருந்து உன் அம்மா போன் செய்தார். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "அங்க அவன் கோயிலுக்குப் போவானாய்யா?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. இங்கே வந்ததிலிருந்து ஒரு ஞாயிறு பூசைக்குக்கூட நீ எழுந்ததில்லையே, என்னத்தைச் சொல்வது?

ஆனால் சனிக்கிழமைதோறும் பல்கலைக்கழகத்துத் தேவாலயத்துக்குப் போவாய். ஜெபிக்க அல்ல, சன்னல்களின் வண்ணக் கண்ணாடி பார்க்க. கட்டடக்கலை படித்துவிட்டு கம்ப்யூட்டரில் ஜாவா எழுதிப் பிழைத்தவன் நீ. என்னையும் இழுத்துப் போவாய். நான் கார் சாவியை ஆட்டிக்கொண்டே நிற்பேன்.

"பழைய கோயில்ல கூரை மொத்தமும் சுவர் மேலதாம்ல. அதான் சுவர் தடிமன், சன்னல் பொடிசு. பொறவு கூர் வளைவு வந்துச்சு, வெளிய முட்டுக் கொடுத்தான், பாரம் தூண் வழியா இறங்கிட்டு. சுவருக்குச் சோலி இல்ல."

"நம்மள மாதிரி பெஞ்ச்ல உக்காந்திருச்சா?" என்றேன். அந்த மாதம் நம் இருவருக்கும் ப்ராஜெக்ட் இல்லை.

நீ சிரித்த சத்தத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமால. பெஞ்ச்ல இருந்த சுவர அனுப்பிட்டு, கண்ணாடிய வேலைக்கு எடுத்துட்டான்."

நான் விடவில்லை. வெளிச்சம்தான் வேண்டுமென்றால் வெள்ளைக் கண்ணாடி போதுமே? கருநீலமும் சிவப்பும் அடைத்தால் உள்ளே இருட்டுத்தானே? லாஜிக் உதைக்கிறதே?

"வெள்ளைக் கண்ணாடின்னா வெளிய நிக்க மரத்தப் பாப்ப. இதுல வெளிச்சத்தையே பாக்கலாம். கடவுளுக்குக் கிட்டத்துல இருக்கது வெளிச்சம்னு அவனுவ நம்பினானுவ. அதப் பாக்கணும்னா கொஞ்சம் இருட்டும் வேணும்லா."

"இது அசலே இல்லடா. அமெரிக்காக்காரன் கட்டின காப்பி."

"சூரியன் காப்பி இல்லல்லா? இருல, இப்ப தூணுல நீலம் வரும்."

நான் இருக்கவில்லை. கடை மூடிவிடும் என்று உன்னைக் கிளப்பிக்கொண்டு வந்தேன். எத்தனை சனிக்கிழமை?

போன சனிக்கிழமை தனியாகப் போய்வந்து ஃபிரிட்ஜில் மஞ்சள் சீட்டு ஒட்டினாய்: "வடக்கு வரிசை, மூணாவது தூண், 4.10. அடுத்த ஞாயிறு நீயும் வார. அன்னைக்கு உனக்குக் கடை சோலி இல்ல."

இன்று வந்தேன். நாலு மணிக்கே தூணுக்கு எதிரில் உட்கார்ந்தேன். நாலு பத்து. வெறும் கல். நாலு இருபத்தைந்து. வெறும் கல். எனக்குக் கோபம் வந்தது, ஜெரோம். எட்டு நாளில் சூரியன் எவ்வளவு தள்ளிப்போகும்? சில நிமிடம். கடைசியாகச் சொன்னதையாவது சரியாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மெழுகுவர்த்தித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "அந்த நீலத்துக்கா? நேற்றுவரை நாலு மணிக்கு வந்தது. கடிகாரத்தை மாற்றியது நாம்தானே, சூரியன் இல்லையே" என்றார்.

வசந்தம் வரும்போது இந்த நாடே மணியை மாற்றுகிற நாள் இன்று; காலையில் எழுந்ததும் வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தேன். உன் தலைமாட்டில் இருந்ததையும். உன் சீட்டை மட்டும் தள்ளி வைக்கவில்லை. வருடம் பூராவும் ஒரே மணி ஓடுகிற நாட்டிலிருந்து வந்தவனின் தப்பு.

மறுபடி உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம், சும்மா.

ஐந்தைத் தாண்டியதும் தூணின் அடியில் நீலம் விழுந்தது. மெல்ல மேலே ஏறியது. கையை நீட்டினேன், விரலெல்லாம் நீலம். "சரிடா, ஒத்துக்கிறேன்" என்று பக்கத்தில் திரும்பினேன்.

காரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அங்கே விடிந்தால் அடக்கம். அதற்குள் உன் அம்மாவைக் கூப்பிட்டுவிடுவேன். "போவான்மா. சனிக்கிழமைய தவறவிட மாட்டான். சும்மா உக்காந்து வெளிச்சத்தப் பாத்துட்டிருப்பான்" என்று சொல்வேன். அதற்குமேல் அவர் என்ன கேட்டாலும், எவ்வளவு நேரம் ஆனாலும், இந்த முறை நானாகப் போனை வைக்க மாட்டேன்.

உன் மாப்ள,
செந்தில்