வெளுத்துப்போன வேர்முடிச்சுகள்

இன்று காலை, எங்கள் வயலில் உளுந்து விதைக்கக் கஞ்சியை ஆறவைத்து, விதையில் புரட்ட, வேரில் முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியா பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினேன். அந்த ஈரமண் வாடை எழுந்ததும் நீ நினைவில் வந்துவிட்டாய்.

கல்லூரி ஆய்வகத்தில் நம் இருவருக்கும் ஒரே மேசை. இதே கஞ்சி, இதே பொட்டலம். ஆனால் நீ புரட்டிய விதையில் முளைத்த செடிக்குத்தான் வேர்முடிச்சு கொத்துக்கொத்தாய் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே நல்ல சிவப்பு, பாக்டீரியா நன்றாக வேலை செய்யும் அடையாளம். வருகிறவர்களிடமெல்லாம் பேராசிரியை உன் செடியைத்தான் தூக்கிக் காட்டுவார். என் செடி பக்கத்திலேயே கிடக்கும்.

சேரன்மகாதேவியில் நெல் அறுத்த வயலில் கல்லூரி ஆய்வுக்காக நீ உளுந்து போட்டிருந்த வருஷம் அது. வரப்புக்குக் களைக்கொல்லி அடித்த ஆள், மருந்து பம்பைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். மறுநாள் வேப்பெண்ணெய் தெளிக்க நீ பம்பு தேடி வந்தாய்.

"ஏட்டி, இது சும்மாதான கெடக்கு?"

"ஆமா, எடுத்துக்கோ."

அவ்வளவுதான் சொன்னேன்.

சில நாளில் பயிர் மஞ்சளடித்தது. பேராசிரியை எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினார். எனக்கு வயிறு குளிர்ந்தது. நீ அழவில்லை. செடிகளைப் பிடுங்கி, வேரை வாய்க்காலில் அலசிக்கொண்டே கத்தினாய்.

"இங்கன வந்து பாரு! செடி சாகல. முடிச்சுதான் வெளுத்துக் கெடக்கு. உள்ள இருக்க பாக்டீரியாவ என்னமோ கெடுத்திருக்கு, ஏட்டி!"

அதுவே உன் முனைவர் பட்ட ஆய்வானது. களைக்கொல்லி பயறுகளின் வேர்முடிச்சை என்ன செய்கிறது என்று பேச ஊர் ஊராக உன்னைக் கூப்பிட்டார்கள். நான் ஓர் அலுவலகத்தில் விதைச் சான்றுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். உன்னைக் கவிழ்க்கப்போய் நானே ஏணி போட்டுக் கொடுத்திருந்தேன். உன் படம் பேப்பரில் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஆடியில், ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்து ஒருவழியாகச் சொல்ல வாயெடுத்தேன். "அந்தப் பம்பு..."

"தெரியும்ட்டி," என்றாய். "வேர அலசின அன்னைக்கே பம்ப மோந்து பாத்துட்டேன். நீ தெரிஞ்சுதான் குடுத்தன்னு உன் மூஞ்சிலயே இருந்துச்சு."

"பொறவு ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா நீ என்கூட பேசாம போயிருப்பல்லா?"

அன்றோடு என் பொறாமை தீர்ந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தீரவில்லை. இப்போது அது உன் பட்டத்தின்மேல் இல்லை. எல்லாம் தெரிந்தும் இத்தனை வருஷம், பார்க்கும்போதெல்லாம் என் டிபன் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டாயே, அந்த மனசின்மேல்.