தறிக்குடோன் சுவிட்ச்

அம்மணிக்கு,

பையன் தவழும் படம் வந்தது. நெற்றியில் பெரிய பொட்டாக வை, கண் பட்டுவிடும். இந்த வருசத்தில் நான் சிரித்தது அவனைப் பார்த்து மட்டும்தான்.

உன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு நீ துடியலூர் போனதிலிருந்து அப்பா உன் பேரை எடுத்ததே இல்லை. சித்திரையில் பேரன் பிறந்ததைக் காதோரம் கத்திச் சொன்னபோதும் தறியை நிறுத்தவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு தடவை காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

தறிச் சத்தத்தில் காது கேட்காதென்று, அவரைச் சாப்பிடக் கூப்பிட குடோன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்போமே. சின்னப் பிள்ளையில் அது உன் வேலை. என்னைக்கூடச் சுவிட்சைத் தொட விடமாட்டாய்.

ஐப்பசியில் வாய் கோணி அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலால் கட்டில் கம்பியைச் சுவிட்ச் போடுவதுபோல் மேலும் கீழும் தட்டிக்கொண்டே கிடந்தார்.

"வெளிச்சம் கண்ணு கூசுதாட்ட இருக்குதுங்க. அணைச்சுப்போடறனுங்க" என்று நர்ஸ் விளக்கை அணைத்தாள்.

பசியாக இருக்கும் என்று நான் கஞ்சியை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. வாசலைப் பார்த்தபடி மறுபடியும் தட்டினார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. உனக்கு போன் போட்டேன்.

'கடைசிவரைக்கும் என்னைக் கூப்பிடவே இல்லையாம்மா?' என்று காரியத்தன்று கேட்டாய். அதற்குள் துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைச் சூழ்ந்துவிட்டார்கள்.

நீ வருவதற்குச் சற்று முன்புதான் அந்த விரல் ஓய்ந்தது, கண்ணு.

இப்படிக்கு,
அம்மா