பதில் வரும்வரை

இன்று காலை மழைக்கு நடுவே தயாளனின் செய்தி வந்தது. 'மலைப்பக்கம் இருப்போர் அவதானம்.' கீழே கும்பிடும் கைகள். சென்ற வருடமும் இதே வாசகத்தைத்தான் நம்முடைய குழுவில் போட்டான். அதை வாசித்த அன்றுதான் நீ மண்ணுக்குள் போனாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் விமானச் சண்டை ஆடுவதற்காக நாம் நாலு பேர் தொடங்கிய குழு அது. நாற்பது கடந்தவர்கள் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பது நம் மனைவிமாருக்குச் சிரிப்பு. நீ வாரம் முழுக்கச் சீகிரியாவுக்கு வேன் ஓட்டிய களைப்போடு வருவாய். எனக்குப் பாடசாலை அதிபர் பதவி கிடைக்காமல் செய்த கல்வி அதிகாரிகளை மனதில் வைத்துக்கொண்டு நான் சுடுவேன். நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். "டேய் சேகர், அது டிரெக்டர் இல்லடா, வெறும் பிளேன். ஆத்திரப்படாம சுடு" என்பாய்.

ஆபத்தைச் சொல்வதற்கு உன்னிடம் ஒரு முறை இருந்தது. முதலில் பெயர். பிறகு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம். அதற்குமேல் ஒரு சொல்லும் கூடாது. கேட்டவன் "கண்டுட்டேன்" என்று சொல்லாவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். தயாளனுக்கு அது கடைசிவரை வரவேயில்லை. "பின்னால! பின்னால வர்றான்!" என்று கத்துவான். நாலு பேரும் ஒரே நேரத்தில் திரும்புவோம். ஆபத்தில் இல்லாதவனும் அடிபடுவான்.

"யாருக்குடா பின்னால? எல்லாருக்கும்தான் பின்னால ஒண்ணு இருக்கு" என்று கேட்பாய்.

"நான் சொன்னேன்தானே? நீங்கதான் கேக்கல."

"சொன்னேன்னு காட்டுறதுக்காகச் சொல்லாத மச்சான். அவன் தப்பணும்னு சொல்லு."

அவன் வீடு சரிவில் மேலே, உன் வீடு அதற்கு நேர் கீழே. மண் சரிந்த அன்று காலை, தன் வீட்டுக்குக் கீழ்ப்பக்க மிளகுத் தோட்டத்தில் நிலம் பிளந்திருந்ததை அவன் கண்டான். மனைவி பிள்ளைகளை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு உன் வாசலைத் தாண்டித்தான் இறங்கினான். நிறுத்தவில்லை. போகிற வழியில் குழுவில் அந்த ஒரு வரியைப் போட்டான். உன் மனைவியும் மகளும் நாவுலவில் தாய்வீட்டில் இருந்ததால் தப்பினார்கள். மண் உன் வீட்டை மட்டும் கொண்டுபோனது. அவன் வீடு மேலே அப்படியே நின்றது.

செத்த வீட்டில் தயாளன் தன் தொலைபேசியை எடுத்து எல்லோருக்கும் காட்டினான். "இந்தா பாருங்க, அவன் வாசிச்சிருக்கான். நான் முதல்லயே சொன்னேன்." அதன்பிறகு நான் அவனோடு பேசவில்லை. மழை விட்டதும் அவன் திரும்பி வந்து அதே வீட்டில் குடியேறினான்.

இன்று பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பிவிட்டுப் பாடசாலையின் மேல்மாடியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவு முழுவதும் தெரியும். தயாளன் வீட்டுக் குசினியின் புகைபோக்கிக்கு மேலே மிளகு படர்ந்த மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவற்றின் அடியிலிருந்து செம்மண் தண்ணீர் கொப்பளித்தது. வீட்டுக்குள் இருப்பவனுக்கு அது தெரியாது.

தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குழுவில் நானும் ஒரு வரி போடலாம், கும்பிடும் கைகளோடு. அவன் வாசிப்பான். நானும் சொன்னவனாகிவிடுவேன். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. பிறகு அவனை அழைத்தேன்.

"தயாளன், உன் குசினிக்கு மேல, வலப்பக்கம். மரமெல்லாம் சாஞ்சிருக்கு. கிட்ட வந்திருச்சு."

"யாரு, சேகரா? ஒரு வருசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவன்..."

"கண்டியா?"

"மழைன்னா மரம் சாயும்தானேடா."

"வெளிய வந்து பாரு. நான் போனை வைக்க மாட்டேன்."

கதவு திறந்தது. செருப்பு சேற்றில் பதியும் சத்தம் கேட்டது.

"கண்டுட்டேன்" என்றான். குரல் மாறியிருந்தது.

"பக்கத்து வீட்டு மெனிக்கேயையும் கூட்டிட்டு இறங்கு."

"குழுவில போட்டேனே..."

"அந்தக் கிழவி குழுவில இல்லடா. போய்க் கதவத் தட்டு."

தட்டினான். "மெனிக்கே! மெனிக்கே!" என்று கூப்பிட்டான். அவன் ஒருவரைப் பெயர் சொல்லி எச்சரித்ததை இன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கடைசியில் ஒரு இருமல் சத்தமும், சிங்களத்தில் ஒரு திட்டும் வந்தன.

இப்போது தயாளன் குடும்பமும் மெனிக்கேயும் பல்லேபொலவில் என் வீட்டில் இருக்கிறார்கள். மெனிக்கே ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருக்கிறாள். தயாளன் என் மனைவி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு, "ஒண்ணும் விழல போல மச்சான். சும்மா பயங்காட்டிட்ட" என்கிறான். அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. அடுத்த மழைக்கும் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்; அதை இறக்கி வைக்கவும் முடியவில்லை.

மலைப்பக்கமிருந்து இப்போது ஒரு சத்தம் வந்தது. இடியென்றால் இந்நேரம் ஓய்ந்திருக்கும். தயாளன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறான்.