உடுப்பு நீலத்தில் ஒரு கடல்

08.05.2009, வெள்ளி

கச்சான் காற்று. வாய் முழுக்கப் புழுதி. சோறு தின்ற கையோடு புது வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டம். சாவிக்காரி வேலை எனக்கு. சம்பளம் இல்லை, ஏச்சு உண்டு.

இந்தக் கொப்பியை யாராவது திறந்தால்: முதல் ஆறு பக்கமும் கேத்திர கணிதம். பயந்து மூடிவிடவும்.

விஷயம் இதுதான். மூத்தவள் ராத்தாவுக்குப் போன வருசமே காவின் எழுதிக் கலியாணம் பதிந்தாயிற்று. மச்சான் சட்டப்படி மச்சான். ஆனால் மாப்பிள்ளை குடிவர வீடு வேண்டும், அதைப் பெண்ணின் வாப்பா கட்டிக் கொடுக்க வேண்டும். ராத்தாவுக்கென்று கட்டிய வீடு கடற்கரையில் இருந்தது. 2004இல் கடல் அதைக் கொண்டுபோயிற்று. இப்போது ஊர் வயல்வெளியான வட்டை ஓரம், மண் நிரப்பிக் கொடுத்த வளவில் புது வீடு. கூரை உண்டு, யன்னல் இல்லை. ஜூன் மாதம் குடிபுகல். அதுவரை இரண்டு பேரும் ஒரே அறையில் நிற்கக் கூடாது.

உம்மா சட்டம்: "காவின் எழுதினா என்ன? ஊர் வாய்க்கு ஆரு பூட்டுப் போடுற?"

ஆகவே முறை வைத்து வருகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ராத்தாவும் நானும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான். அந்த நேரம் வாப்பா வாசலில் மணல் அரிப்பார். பெயர் வேலை, செய்வது காவல்.

இரண்டு பேருமாய் ஹோல் சுவரில் ஒரே படத்தைக் கீறுகிறார்கள். வட்டை, வாய்க்கால், குளம், கண்டல் மரம், ஆற்றுவாழை. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்க வேண்டும். சுவரைப் பற்றிப் போனில் கதைப்பதில்லை என்று சத்தியம் வேறு. போன் உம்மாவுடையது, அதுவும் உம்மா பக்கத்தில் இருந்தால்தான். "சாப்பிட்டீங்களா?" "ஓம். நீங்க?" "ஓம்." காதல் முடிந்தது.

மை மிச்சம் பிடிக்க: ராத்தா = ரா., மச்சான் = ம. இரண்டையும் சேர்த்து ஒரு ம் போட்டால் கிட்டத்தட்ட மரம். பொருத்தம்தான்.

09.05, சனி

ம. கடைப் பலகை எழுதுகிறவர். கடை நிறைய டின் பெயின்ட். சுவருக்கு ஒரு சொட்டு வராது. வட்டையைக் கீறும் சாயம் வட்டையிலும் குசினியிலும் இருந்துதான் வரவேண்டுமாம். ரா. கொள்கை.

கறுப்பு: சிரட்டைக் கரி
வெள்ளை: சுண்ணாம்பு
சிவப்பு: செங்கல் தூள்
மஞ்சள்: மஞ்சளேதான்
மண்ணிறம்: கண்டல் பட்டை அவித்த தண்ணீர்
பச்சை: இலைச் சாறு. இரண்டு நாளில் பழுத்துவிடும். பூசு, திரும்பப் பூசு.
நீலம்: கிடைக்கவில்லை.

பைத்தியத்துக்குப் பைத்தியம் சோடி. காவினுக்கு ம. அனுப்பிய பெட்டியில் சாரி, பவுடர், சோப், அதற்கு அடியில் ஒரு காய்ந்த தாமரைக் காய். உம்மா எறியப் போனார். ரா. சாரியை விட்டுவிட்டுக் காயைப் பிடித்தாள்.

10.05, ஞாயிறு

உம்மாவின் இன்னொரு சட்டம்: செடி கொடி கீறலாம், உயிருள்ளது கூடாது. "மலக்குமார் வரமாட்டாங்க." வானவர்களைச் சொல்கிறார். ஆகவே அந்தக் குளத்தில் கொக்கு இல்லை, மீன் இல்லை, தவளையும் இல்லை. எல்லாம் ஒரேயடியாக வெளிநாடு போன மாதிரி.

ரா. போய் ம. வருவதற்குள் பத்து நிமிடம் கிடைத்தது. கரிக்கட்டை எடுத்தேன். குளத்து ஓரச் சேற்றில் ஒரு வளை, அதைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் புள்ளிகள். நண்டு இல்லை. நண்டு போன தடம். உம்மா எந்தச் சட்டத்தில் பிடிப்பார்?

11.05, திங்கள்

ரா. கண்டாள்.

"இஞ்ச பாரு புள்ள, நண்டக் கீறாமலே நண்டக் கீறி வெச்சிரிக்காரு!"

"மச்சான் கெட்டிக்காரன்தான்" என்றேன் நான். கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டு.

ரா. உடனே சேற்றில் கொக்கு நடந்த தடம் வைத்தாள். ம. அஸருக்கு வந்து குந்தியிருந்து பார்த்தார்.

"கொக்கு எப்பிடி நடக்கும் எண்டு ராத்தாக்கு நல்லாத் தெரிஞ்சிரிக்கி. முன்னுக்கு மூணு விரல், பின்னுக்கு ஒண்டு. அந்த நண்டு வளையும் அவதானே?"

"வேற ஆரு மச்சான்?"

அவர் பங்குக்கு வயல் நடுவே சட்டி சட்டியாக யானைத் தடம். "இறக்காமத்துக்குப் பலகை எழுதப் போன நாள் கண்டது. ஒரு வேளாண்மையையே உழக்கிப் போட்டிரிக்கி."

என் ஒரு வளைக்குள் இருந்து ஒரு காடே வெளிவந்துவிட்டது. எனக்குப் பெருமை தலைக்கு ஏறியது.

15.05, வெள்ளி

விஞ்ஞானம் 61. வாப்பாவிடம் சொன்னது: "அறுபதுக்கு மேல."

சுவரின் கிழக்குப் பக்கம் ஒரு கை அகலத்துக்குச் சும்மா கிடக்கிறது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் போவதே இல்லை. ஏன் என்று தெரியவில்லை. ஊரைக் கீறிவிட்டுக் கடலைக் கீறாமல் விட்டால், சோறு வைத்துக் கறி வைக்காத மாதிரி என்றுதான் நினைத்தேன். நீலம் எங்கே கிடைக்கும் என்பதும் எனக்குத்தான் தெரிந்தது. உம்மா வெள்ளைச் சட்டைக்குப் போடும் உடுப்பு நீலம். ஒரு பொட்டலம் முழுவதையும் சுண்ணாம்புத் தண்ணீரில் கரைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ம. போன பிறகு பூசினேன். வாப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை என் சட்டை மஞ்சளாகத்தான் இருக்கும்.

16.05, சனி

பகல். ரா. உள்ளே போனாள். சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தால், சீமெந்துப் பையின் மேல் இருந்து அழுகிறாள். சிரிக்கவும் செய்கிறாள்.

"அவர் கடலக் கீறிட்டார் புள்ள."

"அதுக்கேன் அழுற?"

"ஒனக்குத் தெரியா. கடல் வந்த அண்டைக்கி அவர்ர உம்மாவும் தங்கச்சியும் மௌத்து. தங்கச்சிர கை இவர்ர கைக்குள்ள இரிந்த. மறுகா இல்ல. அதுக்குப் புறகு மெயின் றோட்டுக்குக் கிழக்கால ஒரு நாளும் போனதில்ல. நீ சின்னப்புள்ள எண்டு ஒனக்குச் சொல்லல்ல."

எனக்குத் தெரிந்தது, மச்சான் கடற்கரைக்கு வரமாட்டார் என்பது மட்டும்தான். அதற்கும் "தண்ணிப் பயம், தண்ணிப் பயம்" என்று பகிடி பண்ணியிருக்கிறேன். அவர் சிரித்தும் இருக்கிறார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ரா. ஏற்கனவே சுண்ணாம்பை விரலில் தொட்டு நுரை வைக்கத் தொடங்கிவிட்டாள். கரையில் இராவணன் மீசைப் புல்லும். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு.

அஸருக்குப் பிறகு ம. வந்தார். பார்த்தார். எடுத்த தூரிகையைத் தோய்க்காமலே வைத்தார்.

"இது ராத்தாவா?"

தலையை ஆட்டினேன். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

வாப்பாவுக்கு ஸலாம்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

17.05, ஞாயிறு

ம. வரவில்லை.

18.05, திங்கள்

வரவில்லை. ரா. போன் எடுத்தாள். "வேல கூட" என்றாராம். "சாப்பிட்டீங்களா" கேட்கவில்லையாம்.

தமிழ் ஊரான பாண்டிருப்பில் இருந்து வரும் கணக்கு சேர் இன்று வரவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னேரம் சந்தியில் வெடிச் சத்தம். சண்டை இல்லை, பட்டாசு.

வாப்பா: "யுத்தம் முடிஞ்சிட்டாம்."
உம்மா: "எல்லாமா?"
வாப்பா: "அப்பிடித்தான் றேடியோ சொல்லுது."

உம்மா அரிசி களைந்தார். நான் பாத்திரம் கழுவினேன்.

19.05, செவ்வாய்

ம.வின் வாப்பா வந்தார். தேத்தண்ணீரை ஆறவிட்டார். பிறகு: "மகன் குடிபுகலக் கொஞ்சம் பிந்திப் போடுவமாண்டு கேக்கான். கட்டாருக்கு ஆள் எடுக்காங்களாம்."

"வீடு முடியிற நேரத்துல என்ன கத இது?" என்றார் உம்மா.

ரா. அறைக்குள் என்னிடம்: "கடலக் கீறினதுல அவர்ர மனசு கலங்கிட்டு போல. வெளிநாடு போனாலும் பரவாயில்ல. கீறிட்டாரே, அது போதும்."

இரவு சோற்றை மூடி வைத்துவிட்டேன். வயிற்று வலி என்று சொன்னேன்.

20.05, புதன். லீவு.

சொல்லிவிட்டேன். கிணற்றடியில் வைத்து. நண்டு வளை, நீலம், தலையாட்டினது, எல்லாம்.

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை.

"அப்ப, அவர் கீறல்லியா?"

அவ்வளவுதான் கேட்டாள். அடித்திருக்கலாம்.

பிறகு: "போய் அவருக்கும் நீயே சொல்லு. நான் வரமாட்டன்."

சைக்கிளில் போனேன். ம. கடையில் துணி விரித்து யுத்த வெற்றி வாழ்த்து எழுதிக்கொண்டிருந்தார். ஊர்க் கடைக்காரர் எல்லாரும் ஒரே வசனம் கேட்டிருக்கிறார்கள் போல. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு எழுத்து முடியும்வரை.

"நுரையும் நீயா?"
"இல்ல மச்சான். நுரை ராத்தா."
"இராவணன் மீசை?"
"அதுவும் ராத்தா."
"அவ எதுக்கு வெச்சா?"
"நீங்க கடலக் கீறின எண்டு நினைச்சி. சந்தோசத்துல அழுதழுது வெச்சா."

தூரிகையைத் துடைத்தார். துடைத்த தூரிகையைத் திரும்பவும் துடைத்தார்.

"நான், அவ என்னக் கடலுக்குக் கூட்டிப் போகப் பாக்கா எண்டு நினைச்ச. எனக்கு ஏலாதெண்டு தெரிஞ்சும்."

"மன்னிச்சிக்கங்க மச்சான்."

"குழப்படிக்காரி" என்றார். சிரிக்கவில்லை. "போ. வெயில் ஏறுது."

21.05, வியாழன்

உம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. முதல் ஏச்சு நீலத்துக்கு, இரண்டாவது ஏச்சு மற்ற எல்லாவற்றுக்கும். முறை மாறிவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. மூடிக்கொண்டேன்.

ரா. என்னோடு கதைக்கவில்லை. சுண்ணாம்பு நீற்றினாள்.

22.05, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து ம. வந்தார். ரா. வாளியோடு உள்ளே நின்றாள். முதல் தரம், ஒரே அறையில் இரண்டு பேரும். உம்மா வாசற்படியில் உட்கார்ந்து முதுகைத் திருப்பிக்கொண்டார். "அர மணித்தியாலம். நான் ஒண்டையும் காணல்ல."

ரா.: "அழிச்சிருவம். எனக்குக் கோவமில்ல."

ம.: "நுரைய விடுங்க. அது நீங்க வெச்ச."

ரா.: "கடல் இல்லாம நுரை எப்பிடி நிக்கிற?"

ம. தும்புக் கட்டைச் சுண்ணாம்பில் தோய்த்து, மேலிருந்து தொடங்கினார். ரா. கீழிருந்து. புல்லையும் நுரையையும் சுற்றி விலக்கி விலக்கிப் பூசினார்கள். கை நடுவில் சந்தித்த இடத்தில் இரண்டு பேரும் நிறுத்தினார்கள்.

உம்மா, திரும்பாமலே: "கட்டாருக்கு எப்ப மகன்?"

"போகல்ல மாமி."

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வெக்கையாம்.

கச்சான் காற்றில் சுண்ணாம்பு கெதியாகக் காய்ந்தது. நீலம் முழுக்கப் போகவில்லை. பால் கலந்த மாதிரி, வெளிறி, இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டிய அளவு. ரா. இரண்டாம் பூச்சுக்கு வாளியை நீட்டினாள்.

ம. அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போதும். இந்தளவு எனக்கு ஏலும்."

ரா. வாளியைக் கீழே வைத்தாள்.