முந்தின லாரியின் எடை

செப்டம்பர் 3, பெரம்பலூர்

ஆண்ட்ரூஸ் சார் எழுதிய புரோகிராம் பொய் சொல்கிறது. அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரியின் எடைமேடையிலிருந்து எடை வராவிட்டால், முந்தின லாரியின் எடையையே அடுத்ததற்கும் போட்டுவிடுகிறது. கேட்டேன்.

"லாரி நிக்கக் கூடாதும்மா. கேட்ல எர்ரர் காட்டுனா அது சாஃப்ட்வேரே இல்ல."

கம்பெனி அவருடையது. அவர் அப்படிப் பேசலாம்.

செப்டம்பர் 4

என்னோடு புரோகிராம் எழுதும் ஹேமலதா அக்கா நேர் எதிர். "தப்புன்னா அங்கயே நின்னு கத்தணும், வெற்றி. முழுங்கக் கூடாது." அக்கா சொல்வதுதான் சரி. மாற்றினேன். இனி எடை வராவிட்டால் திரை சிவக்கும், கேட் திறக்காது. சார் தடுக்கவில்லை. "பட்டுத் தெரிஞ்சுக்க" என்றார்.

செப்டம்பர் 9, அரியலூர்

பட்டது நானில்லை. கேட் திறக்காமல் லாரிகள் மெயின் ரோடு வரை நின்றன. எடை போடும் கலைமணி அண்ணனை ஒரு டிரைவர் அறைந்துவிட்டான். நான் போனபோது உதடு வீங்கியிருந்தது.

"மிஷினு செவக்குது தங்கச்சி, நல்லாத்தான் இருக்கு. அடி எனக்குல்ல வுழுது."

லாரி நிற்கக் கூடாது என்று சார் சொன்னது இதனால்தானா? அதைப் புரோகிராமிலேயே ஒரு வரி குறிப்பாக எழுதி வைத்திருந்தால் என்ன?

செப்டம்பர் 10

லாரியைப் போக விடு. எடையை இட்டுக்கட்டாதே. 'எடை கிடைக்கவில்லை' என்று சீட்டில் அச்சடி. கல் போய்ச் சேரும் சிமெண்ட் ஆலை வாசலில் எடை போட்டுக்கொள்ளட்டும். சாரிடம் பாதி, அக்காவிடம் பாதி எடுத்தேன். சார், "இது தேறும்" என்றார். ஓடுகிறது.

செப்டம்பர் 18

குவாரி ஆபீஸ் பழைய கணக்கைத் தோண்டியிருக்கிறது. அடுத்தடுத்த லாரிகளுக்குக் கிலோ பிசகாமல் ஒரே எடை. கலைமணி அண்ணன் டிரைவர்களோடு சேர்ந்து கல் திருடினார் என்று வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள்.

"காலனி ஆள உள்ள விட்டா இப்படித்தான்னு மானேஜர் சொல்றாரும்மா." அதை என்னிடம் சொல்லும்போது சாருக்குக் குரல்கூட மாறவில்லை. நான் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும்.

செப்டம்பர் 19

தப்பு நம்முடையது என்று குவாரிக்கு எழுதச் சொன்னேன்.

"எழுதுனா கான்ட்ராக்ட் போயிரும். அப்புறம் நீயும் வூட்லதான் இருக்கணும்."

அக்கா கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தப்புன்னா கத்தணும்னியேக்கா — மிஷின் மட்டுந்தான் கத்தணுமா?

செப்டம்பர் 20

நானே குவாரிக்கு மெயில் போட்டேன். 'உங்கள் ஓனர் சொல்லட்டும்' என்று பதில்.

செப்டம்பர் 26

புதுப் புரோகிராம் பிரமாதம் என்று குவாரியிலிருந்து போன். சார் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கி வந்தார். என் மேசையில் வைத்ததை அவர் மேசையில் திருப்பி வைத்தேன்.

"கலைமணி திருடலன்னு எழுதுங்க சார். ஒரு வரி. இப்பவே, இங்க உக்காந்து."

அக்கா சாஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார்.